சிவப்புக் கூண்டு நிற்கிறது, தொலைபேசி எங்கே?

பிரிட்டனின் தகவல்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்காமின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

பொதுத் தொலைபேசிக் கூண்டுகளில் எதை அகற்றலாம், எதில் கை வைக்கக்கூடாது என்று 2022 ஜூன் மாதம் நீங்கள் வகுத்த விதியைப் பற்றி எழுதுகிறேன். தமிழில் வந்த மடல்தானே என்று ஒதுக்கிவிட வேண்டாம். லண்டனில் அலுவலகம் வைத்திருப்பவர்களுக்குத் தமிழ் படித்துச் சொல்ல ஆள் கிடைப்பது பெரிய காரியமல்ல. அதோடு, இந்தக் கூண்டுகளுடன் எங்கள் மக்களுக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

உங்கள் விதியில் நல்லது இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுவதே முறை. கூண்டு நிற்கும் இடத்தில் நான்கு கைப்பேசி நிறுவனங்களில் ஒன்றின் சிக்னலாவது கிடைக்கவில்லையென்றால் அதை எடுக்கக்கூடாது. விபத்தோ தற்கொலையோ அடிக்கடி நிகழும் இடமென்றால் எடுக்கக்கூடாது. கடந்த 12 மாதங்களில் அதிலிருந்து 52 அழைப்புகளாவது போயிருந்தால் எடுக்கக்கூடாது. இவை எதிலும் அடங்காவிட்டாலும், உதவி எண்களை அழைப்பதற்கு மக்கள் அதை நம்பியிருப்பது போன்ற தனிக்காரணம் இருந்தால் அப்போதும் காப்பாற்றலாம். 2021இல் இந்த யோசனையை முன்வைத்தபோது நாடெங்கும் சுமார் 21,000 கூண்டுகள் இருந்தன. அவற்றில் ஏறத்தாழ 5,000 இந்த வேலிக்குள் பத்திரமாக நிற்கும் என்று கணக்கிட்டீர்கள். அதற்கு முன்னர் அந்த 5,000க்கு இவ்வளவு உறுதியான பாதுகாப்பு இருக்கவில்லை.

அந்த யோசனையோடு நீங்களே வெளியிட்ட எண்கள் என் கண்ணை விட்டு அகலவில்லை. 2002இல் இந்தக் கூண்டுகளில் ஏறத்தாழ 80 கோடி நிமிடங்கள் பேசப்பட்டன. 2019–20இல் அது 70 லட்சம் நிமிடங்களாகத் தேய்ந்துவிட்டது. வியாபாரக் கண்ணோடு பார்ப்பவர் இதோடு கோப்பை மூடியிருப்பார். நீங்கள் மூடவில்லை. 2019 மே முதல் ஓராண்டில் கூண்டுகளிலிருந்து அவசர உதவிக்குப் போன அழைப்புகள் ஏறத்தாழ 1,50,000 என்றும், குழந்தைகளின் துயர் கேட்கும் சைல்ட்லைனுக்கு 25,000 என்றும், மனம் உடைந்தவர்களுக்குக் காது கொடுக்கும் சமாரிட்டன்ஸுக்கு 20,000 என்றும் எடுத்துச் சொன்னீர்கள். சைல்ட்லைனுக்கு ஒரு பிள்ளை தெருவில் இறங்கிப் போய்ப் பேசுகிறது என்றால், வீட்டுத் தொலைபேசியில் பேச முடியாத நிலை அந்த வீட்டில் இருக்கிறது என்றுதான் பொருள். அந்தப் பிள்ளையிடம் கைப்பேசி இருந்தாலும் யாருடைய கைக்கு அது போகும், யார் அழைப்புப் பட்டியலைப் பார்ப்பார் என்ற பயமும் இருக்கும். நீங்கள் அறியாதது அல்ல.

அப்படியிருக்க, என் மனக்குறை என்னவென்றால்: இந்த நாட்டில் கூண்டைக் காக்க ஒரு சட்டம் இருக்கிறது, தொலைபேசியைக் காக்க உங்கள் விதி இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் பொறுப்பு யாருக்கும் இல்லை. இடையில் விழுந்து நொறுங்குவது, கூண்டு எதற்காகக் கட்டப்பட்டதோ அந்த வேலை.

கூண்டின் கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல அனுமதியுங்கள். இன்று குவளையிலும் சாவிக்கொத்திலும் டீ சட்டையிலும் பிரிட்டன் என்ற பெயருக்கே முகமாக ஆகிவிட்ட இந்தப் பொருள், பிறந்தபோது யாருக்கும் செல்லப் பிள்ளையாக இருக்கவில்லை. 1924இல் நடந்த போட்டியில் சர் ஜைல்ஸ் கில்பர்ட் ஸ்காட்டின் வடிவம் தேர்வாயிற்று. லிவர்பூல் பேராலயத்தையும் பாட்டர்ஸீ மின்நிலையத்தின் வெளித்தோற்றத்தையும் வரைந்த அதே கட்டடக் கலைஞர். அவர் கேட்டது வெளியே வெள்ளி நிறம், உள்ளே பச்சை கலந்த நீலம். அஞ்சல் துறை கேட்டதோ எங்கிருந்தும் கண்ணில் படும் சிவப்பு. உலகம் அறிந்த சிவப்பு, அதை வடித்தவர் விரும்பாத நிறம். 1926 முதல் கே2 என்ற பெயரில் அது லண்டன் தெருக்களில் நின்றது. மேலே உள்ள குவிந்த கூரை, செயின்ட் பாங்கிராஸ் பழைய தேவாலய வளாகத்தில் முந்தைய காலக் கட்டடக் கலைஞர் சர் ஜான் சோன் தன் மனைவிக்காக எழுப்பிய கல்லறையின் கூரையைப் பார்த்து வந்தது என்பார்கள். ஸ்காட் அப்போது சோன் அருங்காட்சியகத்தின் அறங்காவலர்களில் ஒருவர். எனவே நம்பலாம்.

அடுத்த முறை ஒரு கே2 கூண்டின் அருகே போனால் நெற்றியில் உள்ள மகுடத்தை நிமிர்ந்து பாருங்கள். அது வெறும் அலங்காரம் அல்ல. மகுடத்தின் வடிவத்திலேயே சிறு துளைகளைப் போட்டு, உள்ளே நிற்பவருக்குக் காற்று வரும்படி செய்திருப்பார்கள். ராஜ முத்திரை வழியாக மூச்சு விடும் ஏற்பாடு! பின்னால் வந்த கே6இல் மகுடம் புடைப்பாகிவிட்டது, காற்றுக்கு வேறு வழி வைத்தார்கள். அந்த கே6தான் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி விழாவுக்காக 1935இல் வரையப்பட்டு, அடுத்த ஆண்டு முதல் நாடெங்கும் பரவியது. ஏறத்தாழ 60,000 கூண்டுகள். முக்கால் டன் வார்ப்பிரும்பு, தேக்குக் கதவு. வார்த்தவர்களில் பலர் ஸ்காட்லாந்தின் உலைக்காரர்கள். கிளாஸ்கோ, பால்கிர்க், கிர்கின்டில்லாக் ஊர்களின் பட்டறைகள். ஆங்கிலேயக் கிராமத்தின் அடையாளம் என்று அஞ்சலட்டையில் அச்சடிக்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

ஸ்காட்லாந்து தன் பங்குக்கு ஒரு சண்டையும் போட்டது. 1953க்குப் பிறகு புதிய அரசியின் மகுடம் பொறிக்க வந்தபோது, 'எங்கள் நாட்டுக்கு முதலாம் எலிசபெத்தே இல்லையே, இரண்டாமவர் எங்கிருந்து வந்தார்' என்ற கோபம் அங்கே கொதித்துக்கொண்டிருந்தது. கடைசியில் நெற்றியில் ஒரு பள்ளம் விட்டு வார்த்தார்கள். ஸ்காட்லாந்துக்குப் போகும் கூண்டில் ஸ்காட்லாந்தின் மகுடத்தைச் செருகலாம், மற்ற இடங்களுக்கு மற்றதைச் செருகலாம். ஹல் நகரமோ 1904 முதல் தன் தொலைபேசிச் சேவையைத் தானே நடத்தி வந்த ஊர். அங்கே கூண்டு பாலாடை நிறம், மகுடமே கிடையாது. அழகான பள்ளத்தாக்குகளில் இந்தச் சிவப்பு கண்ணை உறுத்துகிறது என்று மக்கள் முறையிட்டதால், சில இடங்களில் சாம்பல் நிறம் அடித்து, கண்ணாடிச் சட்டங்களுக்கு மட்டும் சிவப்பு பூச அனுமதித்தார்கள். தேசிய அடையாளங்கள் எல்லாம் முதலில் தொல்லைகளாகத்தான் வந்து சேருகின்றன போலும்.

1984இல் பிரிட்டிஷ் டெலிகாம் (பி.டி.) தனியார்மயமானது. அடுத்த ஆண்டு இந்தச் சிவப்புகளை எடுத்துவிட்டு நவீனக் கூண்டுகளை வைக்கப்போவதாகச் செய்தி வந்ததும் அதே மக்கள் கொதித்தெழுந்தார்கள். பலன் கிடைத்தது, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சிவப்புக் கூண்டுகள் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் ஏறின. மற்றவற்றில் பல ஏலத்துக்கும் பழைய இரும்புக்கும் போயின. அவற்றில் பன்னிரண்டை ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து, கிங்ஸ்டன் நகரில் 1989இல் டேவிட் மாக் ஒரு சிற்பம் ஆக்கினார். இன்றும் பார்க்கலாம். இழப்பையும் சேர்த்து ரசிக்கும் இந்த நாட்டுக்காரர்களின் குணத்துக்கு அது பொருத்தமான நினைவுச்சின்னம்.

ஆனால் பட்டியலில் ஏறியது இரும்பும் கண்ணாடியும் தேக்கும்தான். உள்ளே இருக்கும் கருவி ஏறவில்லை. எனவே கூண்டைச் சட்டப்படி காப்பாற்றிக்கொண்டே தொலைபேசியைச் சட்டப்படி பிடுங்கிவிடலாம். லண்டனில் நாடாளுமன்றச் சதுக்கத்துக்கருகே உள்ள கூண்டுகளுக்கு முன் படம் எடுக்க வரிசை கட்டி நிற்பவர்களில், கைபேசியைக் கையில் பிடித்தபடி தொலைபேசியின் ரிசீவரைக் காதில் வைத்துப் பார்ப்பவர் எத்தனை பேர்? தமிழ்ப் படப்பாடல்களும் தப்பவில்லை; கதாநாயகனும் நாயகியும் லண்டனுக்குப் பாடப் போனால் கூண்டின் கதவைத் திறக்காமல் ஊர் திரும்பமாட்டார்கள். அந்தக் கதவுக்குப் பின்னால் தொலைபேசி வேலை செய்கிறதா என்று ஒரு பாடலாசிரியரும் கேட்டதில்லை.

வேலை போய், தோற்றம் மட்டும் மிஞ்சினால் என்ன ஆகும் என்பதற்கு இந்த நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. லண்டன் காவல்துறை 1929 முதல் தெருக்களில் நிறுத்திய நீல நிறக் காவல் பெட்டி நினைவிருக்கும். மக்கள் காவல் நிலையத்தை அழைக்கவும், ரோந்து வரும் காவலர் தகவல் பெறவும் வைத்த பெட்டி அது. 1963 நவம்பரில் பிபிசியின் 'டாக்டர் ஹூ' தொடர் அதை ஒரு காலப்பயண ஊர்தியாக்கியது. பின்னர் காவல்துறை பெட்டிகளை எடுத்துவிட்டது, தொலைக்காட்சியில் மட்டும் அது பறந்துகொண்டிருந்தது. அந்த வடிவத்தை பிபிசி வணிகச் சின்னமாகப் பதிய முயன்றபோது காவல்துறை எதிர்த்து வழக்காடி, 2002இல் தோற்றது. காவலருக்காகக் கட்டிய பெட்டியின் மீது காவலருக்கே உரிமை இல்லை என்று ஆனது. சிவப்புக் கூண்டுக்கும் அதே கதி வர நாம் விடவேண்டியதில்லை.

கூண்டுக்குப் புது வாழ்வு தருகிறோம் என்று நடக்கும் முயற்சிகளைப் பழித்துப் பேசுவது என் நோக்கமல்ல. பி.டி. நிறுவனம் 2008 முதல் ஒரு பவுண்டுக்குக் கூண்டை உள்ளூர் மன்றங்களுக்குத் தத்துக் கொடுக்கிறது. தத்துக்குப் போனவை 6,000க்கும் மேல். சாமர்செட்டின் வெஸ்ட்பரி-சப்-மெண்டிப் கிராமம் அதைப் புத்தக நூலகமாக்கியது. பல ஊர்கள் பின்பற்றின. எத்தனையோ கிராமங்கள் இதயம் நின்றவருக்கு மின்அதிர்ச்சி தரும் கருவியை அதில் மாட்டி வைத்திருக்கின்றன. உயிர் காக்கும் காரியம், மறுப்பார் யார்?

ஆனால் தத்து கொடுக்கும்போது தொலைபேசியைக் கழற்றிக்கொண்டுதான் கொடுக்கிறார்கள். மின்அதிர்ச்சிக் கருவி இருக்கும் பெட்டிகளில் பல பூட்டியிருக்கும். திறக்கும் எண்ணை அறிய 999ஐ அழைக்க வேண்டும். ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் சொல்லுவார். கைப்பேசி சிக்னல் தட்டுத்தடுமாறும் ஒரு பள்ளத்தாக்கில், இரவில், ஒருவர் சரிந்து விழுந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூண்டு இருக்கிறது. கருவி இருக்கிறது. பூட்டும் இருக்கிறது. எண்ணைக் கேட்கத் தொலைபேசி மட்டும் இல்லை, தொலைபேசிக் கூண்டில்!

அந்த 999 பிறந்த கதையும் இங்கே சொல்லவேண்டியதே. 1935 நவம்பரில் லண்டன் விம்போல் தெருவில் ஒரு வீடு தீப்பற்றி ஐந்து பெண்கள் இறந்தார்கள். எதிர்ப்புறத்தில் குடியிருந்த ஒருவர் தீயணைப்புத் துறையை அழைக்க முயன்று, தொலைபேசி நிலையத்தின் வரிசையில் காத்துக் கிடந்தார். கோபம் பொறுக்காமல் 'தி டைம்ஸ்' இதழுக்குக் கடிதம் எழுதினார். விசாரணை நடந்தது. 1937 ஜூன் 30 அன்று லண்டனில் 999 தொடங்கியது. ஏன் ஒன்பது? நாணயப் பெட்டித் தொலைபேசிகளில் காசு போடாமலே பூஜ்யத்தைச் சுழற்றி இயக்குநரை அழைக்க முடிந்தது. பக்கத்தில் இருக்கும் ஒன்பதுக்கும் அந்த வசதியை நீட்டுவது எளிது என்பது முக்கியமான காரணம். ஆக, காசில்லாதவரும் தெருக்கூண்டிலிருந்து உதவி கேட்க முடிய வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் அந்த எண்ணே தேர்வாயிற்று. ஒரு சாதாரணக் குடிமகன் எழுதிய கடிதம் அங்கே கொண்டுபோய் விட்டது என்பதால் எனக்கும் இந்த மடல் எழுதும் துணிவு வருகிறது.

இனி உங்கள் அளவுகோல்களுக்கு வருகிறேன்.

ஆண்டுக்கு 52 என்றால் வாரத்துக்கு ஒன்று. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு தொலைபேசி மூன்று மாதம் பழுதாகிக் கிடந்தால் அந்த மூன்று மாதமும் அதிலிருந்து அழைப்பு போகாது. பழுதான நாள்களைக் கழித்துவிட்டு மீதியைக் கணக்கிடுகிறீர்களா, அல்லது பழுதே சாட்சியாகிவிடுகிறதா? வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஊருக்கு வெளியே நிற்கும் தீயணைப்பு நிலையத்தை, இந்த ஆண்டு தீ விபத்து குறைவு என்பதற்காக யாரும் மூடமாட்டார்கள். 51 அழைப்புகளில் ஒன்று 999க்குப் போனது என்றால் அதற்கு ஓர் எடையும், பந்தயம் கட்டப் போன அழைப்புக்கு வேறோர் எடையும் இருக்க வேண்டாமா?

சிக்னல் விஷயத்தில் உங்கள் தரப்பு நியாயத்தை ஒப்புக்கொள்கிறேன். சொந்த நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும் 999 அழைப்பை வேறு நிறுவனத்தின் கோபுரம் எடுத்துச் செல்லும். 'நான்கும் இருந்தால்தான் அகற்றலாம்' என்பது அந்த வகையில் கறாரான விதிதான். ஆனால் அந்த நான்கில் வோடபோனும் திரீயும் 2025 மே இறுதியில் ஒன்றாகிவிட்டன. மற்றொன்றான இ.இ., கூண்டுகளை நடத்தும் பி.டி.யின் சொத்து. கூண்டுக்கும் கோபுரத்துக்கும் ஒரே முதலாளி என்ற நிலையில், சிக்னல் இருக்கிறது என்று யார் வரைபடத்தில் நிறம் தீட்டுகிறார்களோ அவர்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், கூண்டின் வாசலில் நின்று பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

அதைவிடப் பெரிய கவலை மின்சாரம். 2021 நவம்பரில் ஆர்வன் புயல் வந்தபோது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் இருளில் மூழ்கினார்கள். சில ஆயிரம் வீடுகளுக்கு ஒரு வாரம் தாண்டியும் வெளிச்சம் வரவில்லை. கோபுரத்துக்கும் மின்சாரம் வேண்டும், அதுவும் ஓய்ந்தது. பழைய செம்புக் கம்பி இணைப்பில் தொலைபேசிக்கான மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே வரும். ஊர் இருண்டாலும் பேசலாம். அந்தக் கம்பி வலைப்பின்னல் 2027 ஜனவரி இறுதிக்குள் மூடப்படவிருக்கிறது. அதன் பின் இணையவழி இணைப்புதான், அதற்கு அந்த இடத்திலேயே மின்சாரம் தேவை. சில கூண்டுகளில் பேட்டரி வைக்கும்படி கட்டளையிட்டிருக்கிறீர்கள். நல்லது. காக்கப்பட்ட ஒவ்வொரு கூண்டிலும் எத்தனை மணி நேரம் தாங்கும் பேட்டரி இருக்கிறது என்பதை அந்தந்த ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ளும் வழி வேண்டும். புயலில் கைப்பேசி ஊமையாகும் நேரத்தில்தான் கூண்டைத் தேடி ஆள் வருவார். அன்று பார்த்து அதுவும் ஊமையாக இருந்தால், வாரம் ஒருமுறை என்ற கணக்கு யாருக்கு உதவும்?

எங்கள் கணக்கு என்று சொன்னேனே, அதைச் சொல்லி முடிக்கிறேன். 1980களிலும் 90களிலும் இலங்கைப் போரிலிருந்து தப்பி வந்து லண்டனில் கால் ஊன்றிய தமிழர்களில் பலர், வாடகை அறையில் தொலைபேசி இல்லாததால் இந்தக் கூண்டுகளின் வாசலில்தான் குளிரில் காத்திருந்தார்கள். யாழ்ப்பாணத்துக்கு இணைப்பு அறுந்து கிடந்த ஆண்டுகளில் கொழும்பில் இருக்கும் உறவினரை அழைத்து, 'அம்மா எப்படி இருக்கிறா, வீடு நிற்கிறதா' என்று கேட்டு, பி.டி.யின் பச்சை அட்டையில் மிச்சமிருக்கும் அலகுகள் கரைவதற்குள் பேசி முடித்தார்கள். வாசலில் வரிசையில் நின்ற மற்றவர்கள் கண்ணாடி வழியாகப் பார்த்தே உள்ளே பேசுபவருக்கு வந்த செய்தி எப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்டார்கள். அவர்களுக்கு அந்தக் கூண்டு ஒருநாளும் அடையாளச் சின்னமாக இருந்ததில்லை. உள்ளே இணைப்பு கிடைத்ததா, இல்லையா, அவ்வளவுதான் கேள்வி.

உங்களிடம் நான் கேட்பதும் இதே கேள்வியை ஒட்டித்தான். சிக்னல் பலவீனமான ஊர்களில் தத்துக் கொடுக்கப்பட்ட கூண்டுகளில், 999ஐயும் சில உதவி எண்களையும் மட்டும் அழைக்கும் எளிய கருவி ஒன்றைத் திரும்ப மாட்ட பி.டி.யையும் ஹல் நகரத் தொலைபேசி நிறுவனமான கேகாமையும் கட்டாயப்படுத்துங்கள். மின்இணைப்பு பெரும்பாலும் அங்கேயே இருக்கிறது, புத்தகத்துக்கும் அதிர்ச்சிக் கருவிக்கும் அது இடைஞ்சலாகாது. பாதுகாக்கப்பட்ட சுமார் 5,000 கூண்டுகளின் பட்டியலை, எந்த அளவுகோலின் கீழ் ஒவ்வொன்றும் வந்தது, கடைசியாக எந்த நாளில் ஒருவர் நேரில் போய் ரிசீவரை எடுத்து இணைப்பைச் சோதித்தார் என்ற விவரத்துடன் பொதுவில் வெளியிடுங்கள். இவை இரண்டும் 2027 ஜனவரி முடிவதற்குள் நடக்க வேண்டும். அதற்குப் பிறகு பழைய கம்பிக்குத் திரும்ப வழி இருக்காது.

இப்படிக்கு,
லண்டனில் குடியிருக்கும் ஒரு தமிழர்